நாணயமா, நேர்மையா? சங்க உறுதிமொழியில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது

தவணை_ஏடு:

வணக்கம். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றுக்கு ஒரு பக்க உறுதிமொழி எழுதிக்கொண்டிருக்கிறோம். இயக்குநர்கள், செயலர், காசாளர், எழுத்தர் எல்லாரும் அதில் கையெழுத்திட வேண்டும். முதல் வரைவு இப்படி இருக்கிறது: ‘சங்கப் பணிகளில் நேர்மை, நாணயம், வாய்மை, கைசுத்தம், நம்பகத்தன்மை ஆகியவற்றுடன் நடந்துகொள்வேன் என உறுதி கூறுகிறேன்.’

ஐந்தும் ஒன்றைத்தான் சொல்கின்றன, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எதை வைப்பது என்பதில்தான் இழுபறி. நாணயத்துக்கும் நேர்மைக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? சங்கத்தின் பெயரில் இருக்கிற நாணயம் காசைக் குறிக்கிறதா, குணத்தையா? ஆண்டு மலரில் ‘நா நயமே நாணயம்’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைக்கக் கேட்கிறார்கள். அந்தப் பிரிப்பு சரிதானா? ஓய்வு பெறப்போகும் காசாளருக்குத் தரும் சான்றிதழிலும் இதே சொல்தான் வரும் என்பதால் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சொல்லேர்:

வேறுபாடு உண்டு. கடன் கொடுத்து வாங்குகிற சங்கத்துக்கு அது முக்கியமான வேறுபாடும்கூட.

நாணயம் கொடுக்கல் வாங்கலில் வெளிப்படுகிற குணம். சொன்ன தேதி, சொன்ன தொகை, சொன்ன தரம் இவை பிசகாமல் இருப்பது. ‘கடனை நாணயமாகக் கட்டினார்’ என்றால், ஆள் அனுப்பிக் கேட்க வைக்காமல், தவணை நாளில், முழுத்தொகையையும் கட்டினார் என்று யாருக்கும் விளங்கும். அதே இடத்தில் ‘நேர்மையாகக் கட்டினார்’ என்று போட்டுப் பாருங்கள். தவணை தவறாமை என்ற பொருள் போய்விடுகிறது. பணம் எந்த வழியில் வந்தது என்ற வேறொரு கேள்வி எழுகிறது. நேர்மை என்பது ஒளிவுமறைவு இல்லாமை. தனக்குப் பாதகமான உண்மையையும் தானே முன்வந்து சொல்வது, வேண்டியவர் வேண்டாதவர் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது.

ஒருவரிடம் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். பத்தாண்டாக ஒரு தவணையும் தவறாத இயக்குநர், தன் மைத்துனரின் கடன் மனு வரும்போது உறவைச் சொல்லாமல் கையைத் தூக்கினால், அவர் நாணயத்தில் குறையில்லை, நேர்மையில் குறை. ‘இந்த மாதம் கட்ட முடியாது, காரணம் இது’ என்று தவணை நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்கிற உறுப்பினர் நேர்மையாக நடந்திருக்கிறார். ஆனால் நாணயம் தவறியிருக்கிறது. முதலாமவரைத் தவணைப் பட்டியல் காட்டிக்கொடுக்காது. இரண்டாமவரை உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரு சொல்லை வைத்து மற்றதை அடித்தால், ஒரு வகைத் தவறு உறுதிமொழிக்கு வெளியே போய்விடும்.

சங்கப் பெயரில் இருப்பது காசும் இல்லை, வெறும் குணமும் இல்லை. அது ‘கிரெடிட்’ என்பதற்கு வைத்த சொல். இந்தியாவில் 1904-ல் வந்த கூட்டுறவுச் சட்டமே கிரெடிட் சங்கங்களுக்கானதுதான். திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் சங்கம் பதிவானதும் அதே ஆண்டு. கிரெடிட் என்பதில் கடனும் உண்டு, கடன் கொடுக்கலாம் என்று ஒருவரை நம்புகிற நம்பிக்கையும் உண்டு. வேளாண்மைச் சங்கங்களின் பெயரில் முதல் பாதி ‘கடன்’ என்று நின்றது. பணியாளர் சங்கங்களின் பெயரில் இரண்டாவது பாதி ‘நாணயம்’ என்று நின்றது. என் கணிப்பில் இரண்டாவதே நல்ல தேர்வு. சிக்கனம் என்பது உறுப்பினர் சேமிப்பது, நாணயம் என்பது அவரை நம்பிக் கொடுப்பதும் அவர் அதைக் காப்பாற்றுவதும்.

சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். மூலம் ‘நாணக’ என்ற வடசொல், பிராகிருத வழியாக வந்தது, பொருள் காசு. யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய வடமொழி அறநூலில் கள்ள நாணகம் செய்பவனுக்குத் தண்டம் சொல்லப்படுகிறது. அதற்கு அடுத்த விதிதான் உங்கள் சங்கத்துக்குப் பொருந்துகிறது: நல்ல காசைக் கள்ளக்காசு என்றோ, கள்ளக்காசை நல்லது என்றோ சொல்லும் நாணயப் பரிசோதகனுக்கு உயர்ந்தபட்சத் தண்டம். கன்னடத்தில் நாண்ய, மலையாளத்தில் நாணயம் என்றால் காசு. தெலுங்கில் நாணெம் காசு, நாண்யத என்றால் சரக்கின் தரம். காசின் தரத்திலிருந்து பொருளின் தரத்துக்கு அங்கே நகர்ந்தது. தமிழில் ஆளின் தரத்துக்கு நகர்ந்தது. குறளில் இந்தச் சொல் இல்லை.

யாப்பு_நண்பன்:

‘நா + நயம்’ பற்றி மட்டும். புணர்ச்சி விதிப்படி அது நிற்காது. நா என்ற உயிரீற்றுச் சொல்லின் பின் வரும் தந்நகரம் (ந) தந்நகரமாகவே இருக்கும்: நாநயம். அது டண்ணகரமாக (ண) திரிய, முன்சொல்லின் ஈற்றில் ண் அல்லது ள் இருக்க வேண்டும். கண் + நீர் = கண்ணீர் மாதிரி.

சிலர் இதைத் தெரிந்துகொண்டு ‘நாண் + நயம்’ என்று பிரிப்பார்கள். இதற்கு விதி இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தனிக்குறிலை அடுத்து வராத ண், ன் முன் வரும் நகரம் திரிந்தபின் கெடும் என்பது நன்னூல்; தூண் + நன்று = தூணன்று ஆவது போல நாண் + நயம் = நாணயம் ஆகலாம். பழிக்கு வெட்கப்படுகிற நல்ல குணம் என்று பொருளும் அழகாக அமைகிறது. ஆனால் விதி இடம் கொடுப்பது வேறு, சொல் அப்படிப் பிறந்தது வேறு. நாணத்திலிருந்து பிறந்திருந்தால் காசு என்ற பொருள் எப்படி வந்தது? பக்கத்து மொழிகளிலெல்லாம் காசு என்ற பொருள் எப்படி நின்றது? இரண்டுக்கும் அந்தப் பிரிப்பில் விடை இல்லை.

மலரில் சொல் விளையாட்டாக வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கட்டுரைக்குள் ‘இதுவே சொல்லின் பொருள்’ என்று எழுதாதீர்கள். இனிக்கப் பேசுகிறவரை நாணயமானவர் என்று எண்ண வைக்கிற தலைப்பு அது; கடன் கொடுக்கிற இடத்தில் அந்த எண்ணம் ஆபத்து.

உரைகல்:

காசிலிருந்து குணத்துக்கு இந்தச் சொல் ஏன் போனது என்பது, காசை எப்படிச் சோதித்தார்கள் என்று பார்த்தால் புரியும். பழைய காசின் மதிப்பு அதில் உள்ள பொன், வெள்ளியின் எடையும் மாற்றும்தான்; மாற்று என்றால் தூய்மையின் அளவு. முத்திரை ஒரு வாக்குறுதி, அவ்வளவே. வாங்குகிறவர் முதலில் நிறுப்பார். பிறகு கட்டளைக்கல்லில் உரைத்து, பக்கத்திலேயே மாற்று தெரிந்த உரையாணியை (ஒப்பிடுவதற்கான பொன் ஊசி) உரைத்து, இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். முலாம் பூசிய காசு இந்தச் சோதனையில் தப்பிவிடும், மேல்தோல் பொன்தானே. அதனால் விளிம்பை அராவியோ வெட்டியோ உள்ளே பார்த்துவிட்டு உரைப்பார்கள். இதையே தொழிலாகச் செய்தவர் வண்ணக்கர். சங்கப் புலவர்களிலும் விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று அந்தத் தொழிற்பெயரோடு இருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் வருகிற ‘தீப்போக்குச் செம்பொன்’, ‘அன்றாடு நற்காசு’ என்பவையெல்லாம் இந்தக் கவலையிலிருந்து வந்த தொடர்கள்தான்.

மாற்றுக் குறைந்த காசை வாங்கும்போது கழித்துக்கொள்கிற தொகைக்கு ‘வாசி’ என்று பெயர். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு கிடைத்ததாகவும், சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கப்பட்டதால் அவர் மடத்தில் அமுது படைக்க நேரமானதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்ற பதிகம் அதற்காகப் பாடியது. கையால் தொண்டு செய்த அப்பரின் காசுக்கு வாசி இல்லை என்பதையும் சேக்கிழார் அங்கே சொல்கிறார். திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இருப்பதும் சுந்தரர் பொன்னை உரைத்துப் பார்த்த கதையால்தான்.

ஆக, நாணயம் என்றால் சோதனைக்கு நின்ற காசு. ஆளுக்குச் சொல்லும்போதும் அந்தப் பொருள் உள்ளே இருக்கிறது. ஒருவரின் பேச்சைக் கேட்டு நாணயமானவர் என்று சொல்ல முடியாது. சில ஆண்டு வரவு செலவு பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். பெருமைக்கும் சிறுமைக்கும் ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிற குறளும் உரைகல்லைத்தான் எடுத்துக்கொள்கிறது. மலருக்கு அந்த நான்கு சொல்லையே தலைப்பாக வைக்கலாம் என்பது என் யோசனை.

இன்னொன்று. அர்த்தசாஸ்திரத்தில் அமைச்சர்களை நான்கு வழியில் சோதிக்கச் சொல்கிறது: அறம், பொருள், இன்பம், அச்சம். குறள் 501-ம் இந்த நான்கையே சொல்கிறது. எதில் தேறினாரோ அந்த வேலைக்கு அவரை அமர்த்து என்பது அர்த்தசாஸ்திர விதி. பொருட்சோதனையில் தேறியவர் வரி தண்டவும் கருவூலத்துக்கும், அறச்சோதனையில் தேறியவர் நீதி வழங்கவும். சொல்லேர் பிரித்த பிரிவும் இதுவே. காசாளருக்கு முதலில் நாணயம், கடன் அனுமதிக்கும் குழுவுக்கு முதலில் நேர்மை.

வல்லிபுரத்தான்:

யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கையும் சேர்த்துவிடுகிறேன். ‘நாணயமான மனிசன்’ எண்டால் இஞ்சையும் அதே பொருள்தான். இலங்கையில் வங்கித் தமிழில் ‘நாணயக் கடிதம்’ எண்டு ஒன்று இருக்கு, இறக்குமதிக்கு வங்கி திறக்கிற லெட்டர் ஒஃப் கிரெடிட். உங்கட சங்கப் பெயரில் இருக்கிற அதே நாணயம். மத்திய வங்கியில் 2023 வரைக்கும் இருந்த ‘நாணயச் சபை’யில் வந்தது பணம். மாட்டுக்குக் குத்துற ‘நாணயக்கயிறு’, அதுதான் மூக்கணாங்கயிறு, முற்றிலும் வேறை. அதைக் கொண்டுவந்து ‘மனிசனைக் கட்டுப்படுத்துற கயிறு’ எண்டு விளக்கம் எழுதிப்போடாதேங்கோ.

மெய்ப்பு_மேசை:

வரைவைப் பார்த்தேன். சொற்களைக் குறைப்பதோடு நின்றால் போதாது, ஒவ்வொரு பதவிக்கும் செயலாக எழுத வேண்டும். முதலில் நீக்க வேண்டியவை.

நம்பகத்தன்மை வேண்டாம். அது மற்றவர்கள் தருகிற தீர்ப்பு. ‘நம்பகத்தன்மையுடன் நடப்பேன்’ என்று ஒருவர் தானே உறுதி சொல்ல முடியாது. வாய்மை உயர்ந்த சொல், தமிழ்நாட்டு அரசு முத்திரையிலேயே ‘வாய்மையே வெல்லும்’ என்று இருக்கிறது. ஆனால் அது பேச்சைப் பற்றியது. குறளில் வாய்மைக்கு அளவு தீமை இல்லாத சொல். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று அடுத்த குறளே சொல்கிறது. கணக்கு ஏட்டில் அந்த நெகிழ்வுக்கு இடமே கிடையாது. கைசுத்தம் பேச்சு வழக்கில் நல்ல சொல், திருடமாட்டார், லஞ்சம் வாங்கமாட்டார் என்று பொருள். எழுத்தில் வந்தால் திருட்டுச் சந்தேகம் முன்பு இருந்தது போலத் தொனிக்கும். அகராதியில் ‘இன்டெக்ரிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ‘ஒருமைப்பாடு’ என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அரசமைப்பின் முகப்புரையில் வருவது நாட்டின் ஒருமைப்பாடு, ஆளின் குணத்துக்கு அது பொருந்தாது.

மிஞ்சுவது இரண்டு. பொது வரி: ‘சங்கத்தின் பணத்திலும் ஆவணங்களிலும் நாணயமாகவும், சங்கத்தின் முடிவுகளில் நேர்மையாகவும் நடப்பேன்.’ இங்கே ‘நாணயமாக’ என்று வினையடையாகவே வையுங்கள். ‘நாணய’ என்று ம் கெட்டு இன்னொரு பெயர்ச்சொல்லின் முன் நின்றால் பெரும்பாலும் பணம் என்றுதான் படிப்பார்கள்: நாணய மாற்று, நாணய மதிப்பு, நாணயச்சாலை. ‘நாணயப் பொறுப்பு’, ‘நாணயக் கடமை’ என்றெல்லாம் புதிதாக ஆக்கினால் சில்லறை எண்ணுகிற வேலை என்று பொருளாகிவிடும். -ஆக, -ஆன, -தவறாத என்று வந்தால் குழப்பம் இல்லை.

காசாளருக்கு: ‘பெறும் ஒவ்வொரு தொகைக்கும் அப்போதே ரசீது தருவேன். அன்றைய வசூலை அன்றே நாள்வழியில் பதிந்து, அன்றோ அடுத்த வங்கி வேலைநாளிலோ சங்கக் கணக்கில் செலுத்துவேன். நாள் முடிவில் கைரொக்கத்தை எண்ணி ஏட்டு இருப்புடன் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவேன். குறைந்தாலும் கூடினாலும் அன்றே செயலருக்கு எழுத்தில் தெரிவிப்பேன். சங்கப் பணத்தைக் கைமாற்றாகக்கூட எடுக்கவோ கொடுக்கவோ மாட்டேன்.’

இதில் ‘கூடினாலும்’ என்ற சொல்லை யாரும் வெட்ட விடாதீர்கள். ரொக்கம் கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். கூடுதல் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு வரவு ஏட்டில் ஏறவில்லை என்று பொருள். தவணை கட்டிய ஒரு உறுப்பினர் கட்டாதவராக நிற்கிறார். எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் குறையும்போது அதைப் போட்டுச் சரிக்கட்டும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்கும்.

கைமாற்று அதைவிடப் பெரிய வழுக்கல். 5-ஆம் தேதி எடுத்துச் சம்பளம் வந்ததும் வைத்துவிட்டேன், ஒரு ரூபாய் குறையவில்லை, இதில் நாணயம் எங்கே கெட்டது என்று கேட்பார்கள். சட்டத்தின் விடை தெளிவானது. நேர்மையின்றிச் சிறிது காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் அது கையாடலே என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவின் முதல் விளக்கம் சொன்னது, 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 314-ஆம் பிரிவு. பொறுப்பில் ஒப்படைத்த பணம் என்றால் நம்பிக்கை மோசடிக்கான 316-ஆம் பிரிவும் சேரும். உறுதிமொழியில் பிரிவு எண் எழுத வேண்டாம். கையெழுத்து வாங்கும்போது இதைச் சொல்லி வாங்குங்கள்.

இயக்குநருக்கு: ‘மனுதாரர் என் உறவினராகவோ, நான் பிணை நின்றவராகவோ, என்னுடன் கொடுக்கல் வாங்கல் உள்ளவராகவோ இருந்தால், அந்த மனு கூட்டத்தில் எடுக்கப்படுவதற்கு முன் எழுத்தில் தெரிவித்து, அறையை விட்டு வெளியேறுவேன்.’ வாக்களிக்க மாட்டேன் என்று மட்டும் எழுதினால் போதாது. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். வெளியேறியதும் திரும்பியதும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

எழுத்தருக்குச் சுருக்கமாக: மனு வந்த வரிசையில் எண்ணிடுதல், முன்தேதியிடாமை, பிழையை வெள்ளை மை பூசி மறைக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுதல்.

பொதுப் பகுதிக்கு ஒரு பழைய தொடர் வேண்டுமானால் பட்டினப்பாலையில் வணிகரைச் சொல்கிற இடம் இருக்கிறது: ‘கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.’ வட்டியும் அபராதமும் கணக்கிடுகிற இடத்தில் இதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்லிவிடவில்லை.

தவணை_ஏடு:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து சொல்லை இரண்டாக்கி, பதவிவாரியாக எழுதுகிறோம். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. காசாளர் சான்றிதழில் ‘மிகவும் நாணயமானவர்’ என்று போடத் தலைவர் சொல்கிறார். அவர் காலத்தில் ஒரே ஒரு தணிக்கையில் ரொக்கக் குறைவு வந்தது. அவரே அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தார், தவறான சில்லறை என்று விசாரணையில் முடிவாயிற்று. அதை மறைத்துவிட்டு எழுதலாமா?

மெய்ப்பு_மேசை:

‘மிகவும்’ வேண்டாம், ஐயா. நாணயத்தில் கூடக்குறைய இல்லை. மிகைச்சொல் போட்டால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். அந்தக் குறைவைச் சான்றிதழில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை, விசாரணை முடிந்துவிட்டது. ஆனால் ‘ஒருபோதும் குறை எழவில்லை’ என்று எழுதக்கூடாது, அது தணிக்கை அறிக்கைக்கு முரண். முதலில் பணியைச் சொல்லி, பிறகு சொல்லை வையுங்கள்: ‘இவர் காசாளராக இருந்த காலத்தில் ரொக்க ஏடுகள் நாள்தோறும் முடிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. வேறுபாடு ஏற்பட்டபோது தாமே உடனே தெரிவித்தார். கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர், பணியில் நேர்மையானவர்.’

சொல்லேர்:

இந்த வாசகத்தில் இரண்டு சொல்லும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. தலைவர் கையெழுத்துக்கு மேலே பணிக்காலம் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் போட மறக்காதீர்கள். எந்தக் காலத்துக்கான சான்று என்பது இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் அதை ஏற்கமாட்டார்கள்.